குறைமாதக் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வருவது ஏன்?

கேள்வி: அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், 1963 ஆகஸ்ட் 7 அன்று ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, 39 மணி நேரத்தில் இறந்துபோனான். எடை 2 கிலோவுக்கு மேல் இருந்தும் அக்குழந்தையால் ஏன் மூச்சுவிட முடியவில்லை?

மறுமொழி 1: எடையைவிட நுரையீரலின் முதிர்ச்சியே இங்கு முக்கியம். காற்று நுண்ணறைகளின் உட்புறத்தில் படிந்திருக்கும் நீர்ப்படலம், பரப்பு இழுவிசையால் அவற்றைச் சுருக்கப் பார்க்கும். சிறிய அறைகளில் இந்த அழுத்தம் இன்னும் அதிகம். சர்ஃபாக்டன்ட் என்னும் கொழுப்பும் புரதமும் கலந்த பொருள் அவ்விசையைக் குறைப்பதால்தான், மூச்சை வெளியே விட்ட பின்னும் அறைகள் மூடிக்கொள்வதில்லை. அது போதாத குழந்தை, ஒவ்வொரு மூச்சுக்கும் புதிய பலூனை முதன்முறை ஊதுவதுபோலப் பாடுபட்டுக் களைத்துவிடுகிறது. மேரி எலன் ஏவரியும் ஜெரே மீடும் இக்குறைபாட்டை 1959-இலேயே கண்டறிந்துவிட்டார்கள் என்பதுதான் வேதனை. காரணம் தெரிந்தும் கையில் மருந்து இல்லை.

மறுமொழி 2: மருந்து வரப் பல ஆண்டுகள் ஆயின. ஜப்பானில் ஃபுஜிவாராவின் குழுவினர், மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் நேரடியாகச் செலுத்திப் பலன் கண்டதை 1980-இல் வெளியிட்டனர்.

கேள்வி கேட்டவர்: பிறப்பதற்கு முன்பே எதுவும் செய்ய இயலாதா?

மறுமொழி 1: இயலும். குறைப்பிரசவம் நேரலாம் எனத் தெரிந்தால், தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது கருவின் நுரையீரலை விரைந்து முதிரச் செய்கிறது. நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் 1972-இல் இதை வெளியிட்டிருந்தனர்.