நன்றி சொல்ல வெச்ச அந்த ஒரு நிமிஷம், உங்களுக்கு எப்போ?

ராத்திரி டியூட்டி

பெரிய சாட்சி எல்லாம் இல்லைங்க, ஒண்ணு மனசுல கெடந்து உறுத்துது, அதான் எழுதுறேன். அப்பாவுக்கு கிட்னி மாத்துனாங்க. டயாலிசிஸ் வீட்ல பார்த்தவங்களுக்குச் சொல்லவே வேணாம், வாரத்துக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், தண்ணிய அளந்து அளந்து குடிக்கணும், ஒண்ணுக்குப் போறதுன்னா என்னன்னே மனுஷனுக்கு மறந்து போயிருக்கும். ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரி உள்ள ஒருத்தரைத்தான் விட்டாங்க, மாஸ்க் கவுன் எல்லாம் மாட்டிட்டு நான் போனேன். மணிக்கொரு தடவை யூரின் அளக்கணும்ல, நர்ஸ் குனிஞ்சு பேக்கைப் பார்த்தாங்க, ட்யூப்ல மஞ்சளா இறங்கிட்டே இருக்கு, அளவை சார்ட்ல எழுதிட்டு ரொம்ப சாதாரணமா "ஸ்தோத்திரம் ஆண்டவரே"ன்னாங்க. மூத்திரத்துக்குப் போய் ஸ்தோத்திரமா! சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு, நானும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன்.

உறுத்துறது அது இல்ல. உடனே அவங்க நிமிர்ந்து பார்த்து "குடுத்தவங்களைப் போய்ப் பார்த்தீங்களா?"ன்னாங்க. குடுத்தது எங்க அக்கா. ரெண்டு ரூம் தள்ளி, தையல் வலியில திரும்பக்கூட முடியாம படுத்திருந்துச்சு, எங்க வீட்டு மொத்த கூட்டமும் அப்பா ரூம் கண்ணாடியில முகத்தை ஒட்ட வெச்சுட்டு நிக்குது. லூக்கா 17-ல இயேசு சுகமாக்கின பத்து குஷ்டரோகிங்கள்ல ஒருத்தன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வருவான்ல, "மற்ற ஒன்பதுபேர் எங்கே"ன்னு சின்ன வயசுலேருந்து கேட்ட வசனம்தான், அன்னிக்கு நீல கவுன் போட்ட ஒருத்தங்க நேரா மூஞ்சியப் பார்த்துக் கேட்டாங்க.

அப்புறம் அவங்களைப் பார்க்கவே முடியல, ஷிஃப்ட் மாறிப் போயிட்டாங்க. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தா போடுங்க.

ரெண்டு வாலுக்கு அம்மா

படிச்சு அழுதுட்டேன் அண்ணா. அக்கா எப்படி இருக்காங்க?

என்னோடது ரொம்பச் சின்னது. சின்னவன் அப்போ கைக்குழந்தை, ராத்திரி பாட்டில் கழுவிட்டு நிக்கிறேன், பெரியவ படுக்கிறதுக்கு முன்னாடி தனியா ஜெபம் பண்ணிட்டு இருந்தா. எப்பவும் நான் சொல்லிக் குடுப்பேன், அவ திருப்பிச் சொல்லுவா, அன்னிக்கு முடியலன்னு நீயே பண்ணிக்கோன்னுட்டேன். அவ ஆரம்பிச்சா பாருங்க, தலைகாணிக்கு தேங்க்ஸ், மழைக்கு தேங்க்ஸ், பல்லு ஆடுறதுக்கு தேங்க்ஸ், பல்லிக்கு தேங்க்ஸ் ஆனா அது என் ரூமுக்கு வரவேணாம், அப்படியே போயிட்டே இருக்கு, நான் கை ஈரத்தோட நின்னு சிரிச்சுட்டு இருக்கேன், கடைசியா "இன்னிக்கு அம்மா கத்தலை, அதுக்கும் தேங்க்ஸ் இயேசப்பா, ஆமென்."

நான் ஒண்ணும் அப்படிக் கத்துறவ கிடையாது, அது வேற விஷயம். ஆனா என் புள்ள லிஸ்ட்ல நான் பல்லிக்கு அப்புறம்தான் வர்றேன்.

கிருபையின் பாத்திரம்

அனைவருக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். போன மாசம் பைக் ஸ்கிட் ஆகி விழுந்தேன், பின்னாடி வந்த லாரி ஒதுங்கிப் போச்சு, ஒரு கீறல் இல்ல, கர்த்தருக்கே மகிமை.

ராத்திரி டியூட்டி பிரதர், உங்க அனுபவம் அருமை, ஆனா இதோட நிறுத்திடாதீங்க, சபையில சாட்சியா சொல்லணும், சொல்லாட்டி ஆசீர்வாதம் நம்மோடவே நின்னுடும். சிஸ்டர், நீங்க பிள்ளைக்கு முதல்ல துதி, அப்புறம் பாவ அறிக்கை, அப்புறம் ஸ்தோத்திரம், கடைசியா விண்ணப்பம் அப்படிங்கிற ஒழுங்கைச் சொல்லிக்குடுங்க, பல்லி எல்லாம் சேர்த்தா பின்னாடி ஜெபத்தை விளையாட்டா எடுத்துக்கும். நன்றி உணர்வுங்கிறது தானா வராது, பழக்கணும். நான் காலையில எழுந்ததும் போனைத் தொடாம ஒரு நோட்டுல எழுதுவேன், சங்கீதம் 103-ல "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே"ன்னு தாவீது தன் ஆத்துமாவுக்கே சொல்றாரே, ஏன் சொல்லணும், ஆத்துமா மறக்கும்னு அவருக்குத் தெரியும். முக்கியமா நல்லது நடந்தா மட்டும் நன்றி சொல்றது அரைகுறை விசுவாசம். யோபு எல்லாத்தையும் இழந்த அன்னிக்கே "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்"னு சொன்னார். எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்னு 1 தெசலோனிக்கேயர் 5:18 கட்டளையாவே சொல்லுது, நம்ம மூடுக்கு விட்டுவைக்கல. நோட்டு வாங்குங்க, இன்னிக்கே ஆரம்பிங்க, ஒரு வாரத்துல வித்தியாசம் தெரியும்.

பேசாம இருங்க

பாத்திரம் பிரதர், நீங்க சொன்ன அதே யோபு வசனத்தை, என் வீட்டுக்காரர் உடம்பு ஹால்ல இருக்கும்போதே என் கையைப் புடிச்சுட்டு ஒருத்தர் சொன்னார். "சொல்லுங்க சிஸ்டர், வாயைத் திறந்து ஸ்தோத்திரம் சொல்லுங்க, பாரம் இறங்கும்." சொன்னேன், விடமாட்டேங்கிறாரே. அந்த வார்த்தை அப்படியே தொண்டையில மாட்டிக்கிச்சு, அதுக்கப்புறம் ரொம்ப நாள் ஆராதனையில எல்லாரும் சொல்லும்போது எனக்கு வாய் வராது.

முதல் அதிகாரத்தோட புஸ்தகத்தை மூடிட்டா எப்படி? மூணாம் அதிகாரத்துல அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். ரெண்டாம் அதிகாரக் கடைசியில அவரோட சிநேகிதர் மூணு பேர் ஏழு நாள் ராவும் பகலும் ஒரு வார்த்தை பேசாம தரையில கூட உக்காந்திருந்தாங்க, அதுதான் அவங்க செஞ்ச ஒரே நல்ல காரியம், வாயைத் திறந்தப்புறம்தான் எல்லாம் கெட்டுப்போச்சு. சங்கீதம் 88 படிச்சிருக்கீங்களா, இருட்டுலயே முடியுது, அதையும் பைபிள்லதான் வெச்சிருக்காங்க. செத்துப்போன லாசருவை எழுப்பப் போறோம்னு தெரிஞ்சே ஆண்டவர் கல்லறைக்கிட்ட அழுதார், லாசருவோட சகோதரி மரியாளைப் பார்த்து முதல்ல ஒரு ஸ்தோத்திரம் சொல்லும்மான்னு கேட்கல.

என் அனுபவத்தையும் சொல்லிடுறேன், சண்டை போட்டுட்டு மட்டும் போகக்கூடாது. காரியம் எல்லாம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்புறம், சபையில அவ்வளவா பேசிப் பழகாத ஒரு ஆன்ட்டி வந்தாங்க. பையில ரெண்டு பேனா, ஒரு ஸ்டேப்ளர். "பேங்க் பேப்பர் எல்லாம் எங்கம்மா?"ன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் ஃபார்ம் ஃபார்மா நிரப்பி, கையெழுத்து போடுற இடத்துல பென்சில்ல புள்ளி வெச்சுக் குடுத்தாங்க, நான் புள்ளியப் பார்த்து கையெழுத்து போட்டேன், அவ்வளவுதான். ஜெபிக்கலாமான்னுகூட கேட்கல. அவங்க செருப்பு மாட்டும்போது நான் "தேங்க்ஸ் ஆன்ட்டி"ன்னேன், சொல்லும்போதே தெரிஞ்சுது, நான் ஆன்ட்டிகிட்ட மட்டும் சொல்லல. அத்தனை நாள் கழிச்சு முதல் தடவையா ஆண்டவர்கிட்ட பேசுறேன்.

சும்மா வந்தவன்

நான் சர்ச் பக்கம் போய் வருஷக்கணக்காச்சு, இங்க எழுதலாமான்னு தெரியல.

அம்மாவுக்கு மறதி நோய். என்னை யாருன்னு தெரியாது, சில நாள் அவங்க தம்பின்னு நினைப்பாங்க, சில நாள் அதுவும் இல்ல. ஆனா தட்டு முன்னாடி வெச்சா கை தானா கூப்பிடும், ஜெபம் மட்டும் எங்கயோ பத்திரமா இருக்கு, வார்த்தை மாறாது. ஒரு நாள் ஜெபம் முடியிற இடத்துல முடியல. "இந்தத் தம்பி யாருன்னு தெரியல ஆண்டவரே, நல்லா பார்த்துக்கிறாரு, இவங்க அம்மாவை நீர் நல்லா வெச்சிரும்"னாங்க.

ஸ்பூனைக் கையில வெச்சுக்கிட்டு நான் ஆமென் சொல்லவா வேணாமான்னு முழிச்சேன். சொன்னேன். சந்தோஷமா துக்கமான்னு கேட்டீங்கன்னா இன்னிவரைக்கும் சொல்லத் தெரியல. நோட்டுல இதை எந்தப் பக்கம் எழுதுறது பாத்திரம் சார்?

கிருபையின் பாத்திரம்

சிஸ்டர் மனசு கஷ்டப்பட்டிருந்தா வருந்துறேன், உங்களைச் சொல்லல, பொதுவா சொன்னேன். ஆனா சத்தியத்தை மாத்த முடியாது. கோரி டென் பூம் கேள்விப்பட்டிருப்பீங்க, யூதர்களை வீட்ல ஒளிச்சு வெச்சதுக்காக 1944-ல ஜெர்மன்காரங்க பிடிச்சுட்டுப் போன நெதர்லாந்து சகோதரி. ராவென்ஸ்ப்ரூக் முகாம்ல படுக்கை முழுக்க தெள்ளுப்பூச்சி. அவங்க அக்கா பெட்சி இதே தெசலோனிக்கேயர் வசனத்தைச் சொல்லி, தெள்ளுப்பூச்சிக்கும் நன்றி சொல்லணும்னாங்க, கோரிக்கு மனசே வரல. பின்னாடிதான் தெரிஞ்சுது, அந்தப் பூச்சிக்குப் பயந்துதான் காவலாளிங்க உள்ள வரலை, அதனாலதான் அந்த அறையில பைபிள் வாசிக்க முடிஞ்சுது. இதுக்கு என்ன சொல்றீங்க?

பழைய கண்ணாடி

நான் சொல்றேன் தம்பி. அந்தப் பூச்சி பெட்சியையும்தான் கடிச்சுது. கடிபட்டுட்டே அதே படுக்கையில கூடப் படுத்திருந்த தங்கச்சிகிட்ட சொன்ன வார்த்தை அது, வெளியிலேருந்து வந்து யாரும் சொல்லிட்டுப் போகல. அந்த டிசம்பர்லயே அந்த அம்மா முகாம்லயே செத்தும் போனாங்க, கதைய சொல்றவங்க பூச்சியோட நிறுத்திடுறாங்க.

நான் கத்தோலிக்கன், எங்க பக்கம் இயேசு சபையை ஆரம்பிச்ச புனித இஞ்ஞாசியார் சொல்லிக்குடுத்த ஆன்ம சோதனைன்னு ஒண்ணு இருக்கு, ராத்திரி அன்னிக்கு நாளைத் திரும்பிப் பார்க்கிறது. அதுல முதல் படியே நன்றிதான், பாவத்தைத் தேடுறது அதுக்கப்புறம். அதனால உங்க நோட்டு பழக்கத்தை நான் குறை சொல்லல, நல்ல பழக்கம், அடுத்தவன் நோட்டைத் திருத்தாத வரைக்கும். பல்லியும் அப்படியே இருக்கட்டும்மா, படைச்சவருக்கு ஆட்சேபம் இருக்காது.

என் விஷயம், கண்புரை ஆபரேஷன். கட்டு அவிழ்த்த அன்னிக்கு வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், பழுப்புன்னு நினைச்சு நான் போட்டுட்டுத் திரிஞ்ச சட்டை சுத்த வெள்ளை. புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகி நீல நிறத்தை உள்ளயே விடாதாம், டாக்டர் சொன்னார். ஜன்னலைத் திறந்தா வானம் அப்படி ஒரு நீலம், முகத்துல அறைஞ்ச மாதிரி. ஆண்டவரேன்னு வாய் சொல்லிருச்சு, நான் சொல்லல. அடுத்த நிமிஷம் மின்விசிறி இறக்கையில இருக்கிற அழுக்கும் தெரிஞ்சுது, வீட்டம்மாகிட்ட அதைச் சொன்னது புத்திசாலித்தனம் இல்ல.

ராத்திரி டியூட்டி

ரெண்டு வாலு அம்மா, அக்கா நல்லா இருக்கு, தையல் பிரிச்சாச்சு. நன்றின்னு போய் நின்னா "போடா, தூங்கவிடு"ன்னு விரட்டுச்சு. சபையில சாட்சி சொல்லச் சொல்றாங்க பிரதர், சொன்னா அக்காவைத்தான் மேடையில நிறுத்தணும், அது வரவே மாட்டேங்குது.

பேசாம இருங்க அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். எங்க தெருவுல ஒருத்தங்க வீட்டுக்காரர் போன வாரம் தவறிட்டார், அவங்க பேப்பர் எல்லாம் அப்படியே கெடக்கு. அந்த ஆன்ட்டி முதல்ல எதை எடுத்தாங்க?

பேசாம இருங்க

முதல்ல இறப்புச் சான்றிதழ் தம்பி, எல்லா இடத்துலயும் கேட்பாங்க, நிறைய காப்பி எடுத்துக்கோங்க, ஒரிஜினலை யார்கிட்டயும் விட்டுட்டு வராதீங்க. பேங்க், இன்சூரன்ஸ் ரெண்டுலயும் நாமினி யாருன்னு பாருங்க, நாமினியோட ஐடி காப்பி வேணும். ஒவ்வொரு ஆபீஸுக்கும் தனித்தனி கவர் போட்டு மேல பேர் எழுதிடுங்க, அவங்களுக்கு இப்ப எதுவும் ஞாபகம் இருக்காது. பென்சில் மறக்காம எடுத்துட்டுப் போங்க.