ஷட்டர் பட்டனை அரை அழுத்தில் பிடிச்சாலும் அப்பா முகம் கறுத்துப் போகுது, ஏஇ-எல் (வெளிச்சப் பூட்டு) பட்டனை எப்படி வைக்கணும்?

குளச்சல் தையல்காரி:

அண்ணன்மாரே, குவைத்துல இருந்து லீவுக்கு வந்த தம்பி, தனக்கு ஃபோனே போதும்னு நிக்கான் டி5600 கேமராவை என் தலையில கட்டிட்டுப் போயிட்டான். கூடவே 35 எம்எம் 1.8 லென்ஸ். பகல் முழுக்க எனக்குத் தையல் மெஷின். அஞ்சரைக்கு மேலதான் கடற்கரைப் பக்கம் போக முடியும்.

எங்க அப்பாவுக்கு 68 வயசு. இன்னும் கரமடி (கரையில நின்னு இழுக்கிற பெரிய வலை) இழுக்கப் போறாங்க. இந்த வருஷத்தோட நிறுத்திருவேன்னு சொல்றாங்க (மூணு வருஷமா இதைத்தான் சொல்றாங்க). அதுக்குள்ள, கயிறைத் தோளில போட்டுக் கரையேறி வர்ற மாதிரி ஒரு படம் எடுத்து வைக்கணும்.

எங்க பக்கம் சூரியன் கடலில இறங்கும். அப்பா என்னைப் பார்த்து வர்றப்ப வெளிச்சம் முழுக்க அவங்க முதுகுக்குப் பின்னால. ஏ மோடு (லென்ஸ் துளையை மட்டும் நாம வைக்கிறது), 2.8-ல வைச்சு, முகத்தில அரை அழுத்து பிடிச்சு, கடலும் தெரியட்டும்னு கேமராவை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி எடுக்கேன். வானம் பட்டு மாதிரி வருது, அப்பா அடுப்புக்கரி. சில படத்தில முகத்தை விட்டுட்டுப் பின்னால உள்ள அலைதான் கூர்மையா இருக்கு. கட்டைவிரல் பக்கம் உள்ள ஏஇ-எல்/ஏஎஃப்-எல் பட்டனை மணலைக் காட்டி அமுக்கிப் பார்த்தேன். முகம் வெளிச்சமாச்சு, ஆனா மங்கிப்போச்சு. ஒண்ணைப் பிடிச்சா ஒண்ணு நழுவுது. இதுல எதைத் தப்பாச் செய்யேன்?

மார்த்தாண்டம் ஸ்டுடியோக்காரன்:

தங்கச்சி, நீங்க ஒண்ணும் தப்பாச் செய்யல்ல. அரை அழுத்தினா எல்லாமே பூட்டிரும்னு நினைச்சிருக்கியள், அங்கதான் சிக்கல். நிக்கானில அரை அழுத்து ஃபோக்கஸை மட்டுந்தான் பிடிக்கும். வெளிச்சத்தைப் பிடிக்காது. நீங்க கேமராவைத் திருப்பினதும் அது வானத்தைப் புதுசா அளந்து, "அம்மாடி, என்னா வெளிச்சம்"னு படத்தை இருட்டாக்கிருது.

ஃபோக்கஸ் ஓடினதுக்குக் காரணம் வேற. உங்க கேமரா ஏஎஃப்-ஏ-யில (ஃபோக்கஸ் முறையைக் கேமராவே தேர்ந்துக்கிறது) இருக்கும், வாங்கினபடியே அப்படித்தான் வரும். ஆள் நகர்றார்னு தெரிஞ்சா அதுவாத் தொடர் ஃபோக்கஸுக்கு மாறிரும். அப்போ அரை அழுத்துக்குப் பூட்டே கிடையாது. நீங்க திருப்புனீங்க, அது அலையைப் பிடிச்சுது. ஏஎஃப்-எஸ்-க்கு (ஒருக்கா பிடிச்சா அங்கயே நிக்கிற ஃபோக்கஸ்) மாத்துங்க.

இனி கட்டைவிரல் பட்டன். கடையில வாங்கினபடி விட்டா அது ரெண்டையும் ஒண்ணாப் பூட்டும். மணலைக் காட்டி அமுக்கினா ஃபோக்கஸும் மணலோடயே நின்னுபோகும். பென்சில் படம் போட்ட மெனுவில கண்ட்ரோல்ஸுக்குள்ள போய், இந்த பட்டனுக்கான வரியில "ஏஇ லாக் ஒன்லி"ன்னு மாத்துங்க. இனி கட்டைவிரல் வெளிச்சத்துக்கு, ஆள்காட்டி விரல் ஃபோக்கஸுக்கு.

அளக்கிறதுக்கு மணலை நம்பாதீங்க, ஈர மணல் வானத்தைத் திருப்பிக் காட்டும். உங்க உள்ளங்கையை உங்க முகத்துக்கு நேரா, வெயில் புறங்கையில படுற மாதிரி நீட்டி, ஃபிரேம் நிறையக் காட்டி அளங்க. அப்பா முகத்தில எந்த நிழலோ அதே நிழல்தான் உங்க கையிலயும். கை மங்கலாத் தெரிஞ்சாலும் பரவாயில்ல, அளவுதான் வேணும். கேமரா அளவுகோலா வைச்சிருக்கிற நடுச் சாம்பலைவிட உள்ளங்கை வெளுப்பு, அதனால ஈடுகட்டும் அளவை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) முன்கூட்டியே கூட்டல் 0.7-லயோ 1-லயோ வைச்சுக்கிடுங்க. கை ஃபிரேமில இருக்கப்பவே கட்டைவிரல் பட்டனை அமுக்குங்க, அதை விடாம அமுக்கிக்கிட்டே அப்பா முகத்தில ஃபோக்கஸ் பண்ணி எடுங்க. வியூஃபைண்டரில ஏஇ-எல்னு தெரியணும்.

வானம் வெளுத்துப் போகும், அதைச் சொல்லாம விட்டா நாளைக்கு என்னைத் திட்டுவியள். சூரியன் இறங்கின பிறகு பத்து நிமிஷம் பொறுத்து எடுத்தா ரெண்டும் ஓரளவுக்கு ஒத்துவரும்.

தக்கலை கேனன்:

இதைப் பார்த்துட்டு கேனன்காரங்க குழம்ப வேண்டாம். நம்ம கேமராவில ஒன் ஷாட் ஃபோக்கஸ், எவாலுவேட்டிவ் வெளிச்ச அளவு ரெண்டும் இருந்தா அரை அழுத்திலயே வெளிச்சமும் சேர்ந்து பூட்டிரும். தனியா வேணும்னா நட்சத்திரக் குறி போட்ட பட்டன். என் மச்சான் நிக்கான் வைச்சிருக்கான். கோட்டாறு சவேரியார் கோயில் திருநாளுக்கு ரெண்டுபேரும் கேமராவை மாத்தி எடுத்தோம். தேர் பூரா சீரியல் பல்பு. ஒருத்தன் படமும் உருப்படல்ல.

முட்டம் பாறை:

எதுக்கு இந்தப் பூட்டும் சாவியும்? எம் மோடில (எல்லாம் நாமளே கையால வைக்கிறது) போடுங்க, கையை ஒருக்கா அளந்து வைச்சுட்டா பிறகு எங்க திருப்பினாலும் மாறாது.

மார்த்தாண்டம் ஸ்டுடியோக்காரன்:

மண்டபத்துக்குள்ளன்னா நானும் எம்-தான் சொல்லுவேன். அந்தி நேரத்தில ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா வெளிச்சம் இறங்கும். கரமடி கரையேறுற அவசரத்தில தங்கச்சி சக்கரத்தைத் திருகுமா, அப்பாவைப் பார்க்குமா?

குளச்சல் தையல்காரி:

அண்ணே, நேத்து எடுத்தேன். முகம் வந்துட்டுது! நெத்திச் சுருக்கம், மீசையில உள்ள உப்பு வரைக்கும் தெரியுது. வானம் நீங்க சொன்னபடி வெளுப்புதான், பரவாயில்ல.

ஆனா பட்டனை அமுக்கிப் பிடிச்சுப் பிடிச்சுக் கட்டைவிரல் வலிச்சுது. அதனால பக்கத்திலயே இருந்த "ஹோல்டு" வரிக்கு மாத்தினேன். ஒருக்கா அமுக்கினாப் போதும்ல்லா. அப்பா படத்துக்கு அப்புறம் உடனே ஏலத்தில கிடந்த சாளைக் குவியலை எடுத்தேன், லைட்டுக்கு நேரடியா அடியில. எல்லாம் வெள்ளைத் துணி மாதிரி வந்துட்டுது.

மார்த்தாண்டம் ஸ்டுடியோக்காரன்:

ஹோல்டு அப்படித்தான். இன்னொரு தடவை அமுக்கினாத்தான் விடும், இல்லன்னா கேமரா சும்மா கிடந்து வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் அணையணும். நீங்க அடுத்தடுத்து அழுத்திக்கிட்டே இருந்ததால அணையவே இல்ல. அடுத்த படத்துக்குத் திரும்புறதுக்கு முன்ன வியூஃபைண்டரில ஏஇ-எல் போயாச்சான்னு பாருங்க. அப்பா படத்தை இங்க போடலாம்ல்லா?

குளச்சல் தையல்காரி:

கேட்டேன் அண்ணே. சட்டை போட்டுட்டு இன்னொண்ணு எடு, அதைப் போடுன்னு சொல்றாங்க.