வாக்குத்தத்த அட்டையில் யோபு 8:7 போடலாமா?

கேள்வி (யாங்கோன்): புத்தாண்டு ஆராதனைக்கு, ஆண்டு முழுதும் பிடித்துக்கொள்ள ஒரு வேதவசனம் போட்ட வாக்குத்தத்த அட்டை அச்சடிக்கிறோம். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற வசனத்தையே எல்லாரும் கேட்கிறார்கள். சரிதானா?

பதில் 1: வேண்டாங்க. அதைச் சொன்னது கர்த்தர் அல்ல, யோபின் நண்பர்களில் ஒருவனான பில்தாத். 8:4-லிருந்து வாசியுங்கள்: யோபின் பிள்ளைகள் பாவத்தால் செத்தார்கள் என்கிறான். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அந்த அட்டை தொங்கினால்? 42:7-ல் அந்த நண்பர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே கோபப்படுகிறார்.

பதில் 2: ஆனால் 42:12-ல் யோபின் பின்னிலைமை ஆசீர்வதிக்கப்பட்டதே, ஐயா?

பதில் 1: உண்மைதான். அது யோபுக்கு நடந்தது. நமக்குக் கொடுத்த வாக்கு அல்ல. எந்த வசனமானாலும் யார், யாரிடம் சொன்னது, முன்னால் "இருந்தால்" என்ற நிபந்தனை உண்டா (8:6-ல் உண்டு) என்று பாருங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தில் ஆராய்ந்தார்களே, அப்போஸ்தலர் 17:11.

பதில் 3: மத்தேயு 28:20 போடுங்கள்: "சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன்." இயேசுவே சீஷர்களிடம் சொன்னது.