கணினி அறையைத் திருத்த எந்த நிதியைக் கேட்கலாம்?

வணக்கம். யாழ். தீவகத்தில் உள்ள ஒரு மாகாணப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோர் சார்பில் இருக்கிறேன். எங்களிடமுள்ள 12 கணினிகளில் 4 மட்டுமே இயங்குகின்றன. உப்புக்காற்றில் இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்துவிட்டதால், தரம் 10 பிள்ளைகள் ஒரு விசைப்பலகையைச் சுற்றி ஆறு பேராக நின்று மாறி மாறித் தட்டுகிறார்கள். தேசியப் பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழ் இருக்க, இலங்கை அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தத்தின் பின் எங்களுடையவை மாகாணத்தின் பொறுப்பில் இருப்பதால், வலயக் கல்விப் பணிமனை ஊடாகவே விண்ணப்பிக்க எண்ணியுள்ளோம். கற்றல் கற்பித்தல் தேவைகளுக்காகப் பாடசாலைகளுக்கு வழங்கப்படும் தர உள்ளீட்டு நிதியில் திருத்த வேலைக்கு இடமுண்டா, மாகாண மூலதன ஒதுக்கீட்டைத்தான் கேட்க வேண்டுமா என்பதை அனுபவமுள்ள அதிபர்களும் ஆசிரியர்களும் தயவுசெய்து அறியத்தாருங்கள். புதிய கணினி தரப் பலர் முன்வருகிறார்கள், பராமரிப்புக்குத்தான் எவருமில்லை. அதுவே எனக்குப் பெருங்கவலை. இத்தகைய நிதிக்காக உங்கள் பாடசாலை முன்னர் அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி எவரிடமாவது இருந்தால் பகிர்ந்து உதவுங்கள்.