பழைய விளையாட்டுக்கு விஆர் விருதா?

ராப்பாடி:
2023 கேம் அவார்ட்ஸ் என்னும் வீடியோ கேம் விருது விழாவில், விஆர் (தலையில் ஹெட்செட் மாட்டி மெய்நிகர் உலகுக்குள் ஆடும்) விளையாட்டுக்கான விருது ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் என்ற திகில் விளையாட்டுக்குப் போனது நியாயமான தீர்ப்பு என்று நேற்று ஒருவர் இங்கே அடித்துச் சொல்லியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. அந்த விளையாட்டு வந்தது 2021-ல். 2023 பிப்ரவரியில் பிளேஸ்டேஷனின் பிஎஸ் விஆர்2 ஹெட்செட்டுக்காக ஒரு விஆர் முறையைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அதே பட்டியலில் ஹொரைசன் கால் ஆஃப் தி மவுண்டனும் சினாப்ஸும் இருந்தன. இரண்டும் ஹெட்செட்டுக்கென்றே அடித்தளத்திலிருந்து கட்டியவை. அவற்றுக்கு நேர்ந்தது அநியாயம்.

இளம்பரிதி:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே எழுதலாம். வில்லேஜை ஹெட்செட்டில் ஆடினீர்களா? குண்டு தீர்ந்தால் துப்பாக்கியின் காலி மேகசினை (குண்டுக் கூட்டை) நம் கையாலேயே தள்ளிவிட்டு, புதியதை எடுத்துச் செருகி, துப்பாக்கியின் மேல்பாகத்தை (ஸ்லைடை) பின்னால் இழுக்க வேண்டும். ஓநாய் மனிதன் பாய்ந்து வரும்போது அதைச் செய்து பாருங்கள், கை நடுங்கும். 2021-ல் இது இருந்ததா?

ராப்பாடி:
கை நடுங்கியது சரி. கோட்டை, கதை, அரக்கர்கள் எல்லாம் 2021-ல் வந்தவைதானே? அந்த வருடமே ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான பட்டியலிலும் ஏறிவிட்டது. பழைய விளையாட்டு, பழைய விளையாட்டுதான்.

கடைசிவரிசை:
2021-ல் இதே விருது ரெசிடென்ட் ஈவில் 4-இன் விஆர் பதிப்புக்குப் போனதே, மூல விளையாட்டு 2005-ல் வந்தது. அப்போது எங்கே போயிருந்தீர்கள்?

ராப்பாடி:
அப்போதும் கத்தினேன், நீங்கள்தான் படிக்கவில்லை. அதில் கதைக் காட்சி வந்தால் தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தட்டைத் திரையைப் பார்க்க வேண்டும். அதற்கும் விருது! முந்தைய வருடம் ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் வென்றபோது யாராவது வாய் திறந்தார்களா? முழுக்க விஆருக்காகவே செய்த விளையாட்டு, பேச்சே எழவில்லை.

நிலாமுற்றம்:
பட்டியல் போடுவதே ஊடகங்கள் சேர்ந்த நடுவர் குழு, வாக்கிலும் 90 சதவீதம் அவர்களுக்கு, மக்களுக்கு 10 தான். எத்தனை நடுவர்கள் பட்டியலில் உள்ள ஐந்தையும் ஹெட்செட் மாட்டி ஆடி முடித்திருப்பார்கள்? பெயர் தெரிந்ததற்குக் குத்துவார்கள். அதைப் பேசாமல் வருடக் கணக்கு பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அஸ்கார்ட்ஸ் ராத் 2 என்ற விஆர் விளையாட்டு 2023 டிசம்பர் நடுவில் வந்ததால் 2023 பட்டியலையே தவறவிட்டது, அடுத்த வருடம் பேட்மேன்: ஆர்க்கம் ஷேடோ விளையாட்டிடம் தோற்றது.

இளம்பரிதி:
அஸ்கார்ட்ஸ் ராத்தை எதற்கு இழுக்கிறீர்கள்? போன முறையும் இப்படித்தான், பீட் சேபர் என்ற விஆர் விளையாட்டு 2018 பட்டியலிலும் இருந்து 2019-ல் வென்றதைச் சொன்னதும் பேச்சை மாற்றினீர்கள்.

நிலாமுற்றம்:
நான் மாற்றவில்லை, நீங்கள்தான் பதில் சொல்லாமல் போனீர்கள். பதிவு இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

ராப்பாடி:
பீட் சேபர் 2018-ல் முழுமையாக வரவில்லை, அது வேறு கணக்கு. இது அப்படி இல்லை. 2021-ல் முழுதாக விற்றதை 2023-ல் புதிது என்கிறார்கள். சினாப்ஸில் கண்ணால் ஒரு பீப்பாயைப் பார்த்து, கையசைத்துத் தூக்கி எதிரிமேல் எறியலாம். கண் போகும் இடத்தை ஹெட்செட்டே பிடிக்கிறது. இதைத் தட்டைத் திரையில் செய்யவே முடியாது. இதை ஆடிய யாரும் வில்லேஜுக்கு வாக்குப் போட மாட்டார்கள்.

இளம்பரிதி:
நான் ஆடினேன். இப்போதும் வில்லேஜுக்குத்தான் போடுவேன்.

ராப்பாடி:
போடுங்கள். 2021-ல் வந்த விளையாட்டுக்குத்தான் போடுகிறீர்கள்.

கடைசிவரிசை:
அட, ரெசிடென்ட் ஈவில் 4-க்கு இன்னும் நேரான பதில் வரவில்லையே?