ரீட்ரெடிங் பட்டறை: கரிம மிச்சம் என்பது உண்மைக் கணக்கா?

கேள்வி – ஆறு வண்டிக்காரன்

வணக்கம். நாமக்கல்லில் எங்களுக்கு ஆறு லாரிகள் ஓடுகின்றன. அவற்றோடு சிறிய கோல்டு ரீட்ரெடிங் (தேய்ந்த டயருக்கு, முன்பே வார்த்த மேல்பட்டையை ஒட்டும் முறை) பட்டறை ஒன்றையும் தொடங்கலாமா என்று நானும் என் மைத்துனரும் பேசிவருகிறோம். கடனுக்கான திட்ட அறிக்கையில் “சுழற்சிப் பொருளாதாரம், குறைந்த கரிம உமிழ்வு” என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்கிறார் எங்கள் ஆடிட்டர். மொட்டையான டயருக்குப் புதுப் பட்டன் (சாலையைத் தொடும் மேல்பட்டை) ஒட்டி ஓட்டுவதை எங்கள் அப்பா காலத்திலிருந்தே சிக்கனம் என்றுதான் சொல்லிவந்தோம். அதைச் சூழல் சேவை என்று எழுதக் கை கூசுகிறது. உண்மையில் எவ்வளவு மிச்சமாகிறது, அது வருமானமாகவும் மாறுமா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டும்.

பதில் – பழைய பட்டறை

கூச வேண்டியதில்லை தம்பி. 10.00 ஆர் 20 ரேடியல் டயர் ஏறக்குறைய 60 கிலோ எடை இருக்கும். சாலையில் தேய்வது மேலே உள்ள பட்டன் மட்டுமே. எஃகுக் கம்பி பெல்ட், பக்கச்சுவர், பீடு (சக்கரத்தில் பிடிக்கும் விளிம்பு) ஆகியவற்றைக் கொண்ட கேசிங் என்ற உடல்பகுதி அப்படியே நிற்கிறது. அதை பஃபிங் செய்து (சுரண்டிச் சமப்படுத்தி), குஷன் கம் என்ற ஒட்டு ரப்பரைச் சுற்றி, வார்த்து வைத்த டிரெட்டை, அதாவது பட்டனை ஒட்டி, என்வலப் என்ற ரப்பர் உறை மாட்டி, 100 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சேம்பர் என்ற அழுத்தக் கலனில் சில மணி நேரம் வைக்கிறோம். இதில் புதிதாகச் சேரும் ரப்பர் 12 முதல் 15 கிலோதான்.

ஆனால் இந்தத் தொழிலின் மூலப்பொருள் ரப்பர் அன்று, கேசிங். சென்ற வாரம் ஒருவர் கொண்டுவந்த எட்டு டயர்களில் மூன்றைத் திருப்பி அனுப்பினேன். இரண்டில் கம்பி வெளியே தெரியும்வரை ஓட்டியிருந்தார்கள். மூன்றாவது வெளியே புதிதுபோல இருந்தது. விளக்கு பிடித்து உள்ளே பார்த்தால், காற்றுக் குறைவாக ஓடியதில் பக்கச்சுவர் நீலம் பாரித்து, விரலால் தடவியதும் ரப்பர் பொடியாக உதிர்ந்தது. அந்த மூன்றிலும் மிச்சம் என்று எதுவுமே இல்லை. அவரவர் வண்டியில் காற்று பார்ப்பதும், பட்டன் சில மில்லிமீட்டர் மீதமிருக்கும்போதே கழற்றுவதும்தான் உங்கள் பட்டறையின் லாபத்தைத் தீர்மானிக்கும்.

பதில் – டீசல் கணக்கு

பெரியவர் சொன்னதோடு ஒரு எதிர்க்கணக்கையும் சேர்க்கிறேன். புதிய லாரி டயர் ஒன்று செய்ய ஏறக்குறைய 83 லிட்டர் எண்ணெயும், ரீட்ரெடுக்கு 26 லிட்டரும் ஆகும் என்பது இத்துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. பத்துச் சக்கர டாரஸ் வண்டியின் பின்சக்கரங்கள் எட்டுக்கும் ரீட்ரெட் போட்டால் சுமார் 450 லிட்டர் மிச்சம். அதே வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் வீதம் 80,000 கிலோமீட்டர் ஓடினால் 20,000 லிட்டர் டீசல் குடிக்கும். மலிவான டிரெட் கலவை உருளும்போது கூடுதலாக இழுத்து, டீசல் செலவை 2 சதவீதம் கூட்டிவிட்டால், 400 லிட்டர் போயிற்று. கச்சா எண்ணெயும் டீசலும் ஒன்றல்ல என்றாலும் அளவு புரியும். ஆகவே உருளல் தடை குறைந்த டிரெட்டை வாங்குங்கள். அறிக்கையிலும் அதையே எழுதுங்கள்.

பதில் – விதி படித்தவள்

ரீட்ரெட் செய்ததற்கான சான்றிதழை டயர் நிறுவனங்களுக்கு விற்று வருமானம் பார்க்கலாம் என்று யாரேனும் சொல்லியிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள், அண்ணா. 2022 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிகள் பழைய டயர்களை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. ஆனால் ரீட்ரெடிங் சான்றிதழ் அந்தப் பொறுப்பை ஓராண்டு தள்ளிப்போட மட்டுமே உதவும், மறுசுழற்சிச் சான்றிதழைப்போல அதைத் தீர்க்காது. டயர் இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருப்பதால் இது நியாயம்தான். ஐரோப்பாவில் மிஷலின் போன்ற நிறுவனங்கள் டயரை விற்காமல் ஓடிய கிலோமீட்டருக்குக் கட்டணம் வாங்குகின்றன. அப்போது கேசிங் கெடுவது நிறுவனத்தின் நட்டம் என்பதால், காற்று பார்க்கும் வேலையையும் அதுவே ஏற்கிறது. நீங்கள் சிறிய அளவில் அதை முயன்றால் என்ன?

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இன்று காலை எங்கள் பின்சக்கர டயர்கள் அனைத்தையும் உள்ளும் புறமும் பார்த்தோம். நாற்பத்தெட்டில் ஒன்பது தேறாது. ஒவ்வொரு கேசிங்குக்கும் எண் போட்டு நோட்டில் ஏற்றத் தொடங்கியிருக்கிறோம். ஆறு மாத நோட்டு கையில் வந்த பிறகுதான் வங்கிக்குப் போவதாக மைத்துனரும் ஒப்புக்கொண்டார்.