11 வயது நாய்க்கு இன்சுலின்: சாப்பிடாத நாளில் என்ன செய்வது?

கேள்வி, குலசேகரத்திலிருந்து:
எங்கள் மணிக்கு 11 வயது. சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தான். உடம்போ வற்றிக்கொண்டே போனது. சர்க்கரை நோய் என்றார் மருத்துவர். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பிட்டதும் இன்சுலின். நான் ரப்பர் பால் வெட்டப் போகிறவன். காலை 4 மணிக்கே தீனி வைத்து, ஊசி போட்டுவிட்டுக் கிளம்புவேன். இன்று மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஊசியும் கையுமாக அடுக்களையில் நிற்கிறேன். போடுவதா, வேண்டாமா?

பதில், தக்கலையிலிருந்து:
அண்ணா, வெறும் வயிற்றில் வழக்கமான அளவைப் போடாதீர்கள். மருத்துவரை அழையுங்கள். பாதி சாப்பிட்டால் எவ்வளவு, ஒன்றுமே சாப்பிடாவிட்டால் என்ன என்று எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஒரு வேளை ஊசி தவறிச் சர்க்கரை ஏறினால் சமாளிக்கலாம். சட்டென்று இறங்கினால் உயிருக்கே ஆபத்து. என் பொம்மிக்கு அப்படித்தான் ஆனது. பின்னங்கால் பின்னி, சுவரில் சாய்ந்து நடுங்கினாள். மார்த்தாண்டம் தேனை விரலில் தொட்டு ஈறில் தடவினேன். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். உடனே ஆட்டோவில் மருத்துவரிடம் கொண்டுபோனேன். வீட்டில் தேனோ குளுக்கோஸோ எப்போதும் இருக்கட்டும்.

பதில், கருங்கலிலிருந்து:
சிரிஞ்சையும் பாருங்கள். இன்சுலின் புட்டியில் 40 (ஒரு மில்லியில் 40 யூனிட்) என்றிருந்தால் 40-க்கான சிரிஞ்சு, 100 என்றால் 100-க்கானது. மாறினால் அளவு இரண்டரை மடங்கு பிசகும். மரச்சீனிக் கிழங்கு, பலாச்சுளை வேண்டவே வேண்டாம்.

கேட்டவர்:
போடவில்லை. மருத்துவரிடம் பேசிவிட்டேன், தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். இன்று பால் வெட்டுக்குப் போகவில்லை. பலாச்சுளை என் அம்மா கொடுப்பது, அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.